‘அந்த மாத்திரைக்குத்தான் கேட்கும்’

வாசகியின் கடிதம்:

எங்கள் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள். நான் பள்ளி ஆசிரியை. ஆனாலும் வீட்டு மருந்துப் பெட்டியில் ஆண்டிபயாடிக் மாத்திரைகள் எப்போதும் மிச்சம் கிடக்கும். என் கணவருக்குச் சளி பிடித்தால் மருத்துவரிடம் போகமாட்டார். அசித்ரோமைசின் மூன்று நாள் போட்டுக்கொள்வார், சரியாகிவிடும். போன மாதம் ஏழு வயது மகளுக்குக் காய்ச்சலும் சளியும் வந்தபோது, முன்பு எப்போதோ அவளுக்கு எழுதிக்கொடுத்த அமாக்ஸிசிலின் சிரப்பில் மீதி இருந்ததை நானே கொடுத்தேன். இரண்டு நாளில் எழுந்து விளையாடினாள். இப்போது என் மாமியாருக்கு நான்கு நாளாகச் சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல், நேற்றிலிருந்து காய்ச்சல். பெட்டியில் இருந்த ஓர் ஆண்டிபயாடிக்கை எடுத்து இரண்டு வேளை போட்டுக்கொண்டார். ‘போன தடவை இதற்குத்தான் கேட்டது’ என்கிறார். தவறு என்று தெரிந்தும் நாங்கள் ஏன் இப்படிச் செய்கிறோம்? பலன்தான் கிடைக்கிறதே, இது உண்மையிலேயே தவறுதானா?

மருத்துவரின் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் உங்கள் மாமியார். இந்தப் பகுதியைக் கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாக எழுதிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். சிறுநீர் எரிச்சலோடு காய்ச்சலும் சேர்ந்தால் தொற்று சிறுநீரகம்வரை ஏறியிருக்கக்கூடும். வயதானவர்களுக்கு அது ஆபத்து. அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். குளிர் நடுக்கம், விலாப்பக்க வலி, வாந்தி, பேச்சில் குழப்பம், வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் இரவு பகல் பார்க்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள். அவர் போட்டுக்கொண்ட மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். சிறுநீரில் எந்த பாக்டீரியா இருக்கிறது, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று கண்டறிய கல்ச்சர் பரிசோதனை செய்வார்கள். முன்கூட்டியே இரண்டு வேளை மாத்திரை உள்ளே போயிருந்தால் அந்தப் பரிசோதனையில் பாக்டீரியா வளராமலே போய்விடலாம். உடலில் தொற்று இருக்கும், அறிக்கையோ இல்லை என்று சொல்லும். மாத்திரை போட்ட விவரம் தெரிந்தால்தான் மருத்துவரால் அந்த அறிக்கையைச் சரியாகப் படிக்க முடியும்.

இனி உங்கள் கேள்வி. உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய சொல் ‘கேட்டது’. தினமும் என் அறையில் காதில் விழும் சொல் அது. ‘எனக்கு அந்த மாத்திரைக்குத்தான் கேட்கும், டாக்டர்.’ எது கேட்டது, எதற்குக் கேட்டது என்று ஒரு முறை நிதானமாகப் பார்த்தால் உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

உங்கள் மகளின் சளிக்காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். சாதாரணச் சளிக்குக் காரணம் வைரஸ்கள். காய்ச்சல் முதல் இரண்டு மூன்று நாள் ஏறி இறங்கும். மூக்கொழுகலும் தொண்டை வலியும் ஒரு வாரம், பத்து நாளில் அடங்கும். இருமல் மட்டும் மூன்று வாரம்வரை இழுக்கலாம். இது எந்த மருந்தும் தராமலே நடப்பது. நாம் எப்போது மருந்துப் பெட்டியைத் திறக்கிறோம்? முதல் நாள் பொறுத்துக்கொள்கிறோம். இரண்டாம் நாள் இரவு குழந்தை அனலாய்க் கொதிக்கிறது, மூக்கடைத்துத் தூங்க முடியாமல் அழுகிறது. அப்போதுதான் கை பெட்டிக்குப் போகிறது. அதாவது நோய் உச்சத்தில் இருக்கும் வேளையில் மருந்து கொடுக்கிறோம். உச்சத்துக்குப் பிறகு இறக்கம்தானே? இறங்குகிறது. பெயர் மருந்துக்குப் போகிறது. அமாக்ஸிசிலின் வைரஸை ஒன்றும் செய்யாது. அன்று நீங்கள் கொடுக்காமல் இருந்திருந்தாலும் அவள் அதே நாளில் எழுந்து விளையாடியிருப்பாள் என்பதே என் எண்ணம். ஆனால் அதைப் பார்க்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்கவில்லை. மருந்து தராத அந்த இன்னொரு வாரம் எந்த வீட்டிலும் நடந்து காட்டுவதில்லை. உங்கள் கணவரின் மூன்று நாள் மாத்திரைக்கும் இதே கதைதான். சளி தொடங்கி இரண்டு நாள் கழித்து மாத்திரை, மூன்று நாள் மாத்திரை, ஐந்தாம் நாள் குணம். சளி தானாகக் குறையும் நாளும் அதுதான்.

சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறினால் ‘கிருமி சேர்ந்துவிட்டது’ என்று பலர் ஆண்டிபயாடிக் தேடுகிறார்கள். அந்த நிறம் தொற்றோடு போராடும் நம் வெள்ளை அணுக்களில் உள்ள ஒரு நொதியிலிருந்து வருகிறது. வைரஸ் சளியிலும் வரும். நிறத்தை மட்டும் வைத்து பாக்டீரியா என்று முடிவு செய்ய முடியாது.

‘கிருமி’ என்ற சொல்லைப் பற்றியும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை எல்லாவற்றுக்கும் நாம் அந்த ஒரு சொல்லையே வைத்திருக்கிறோம். ‘கிருமியைக் கொல்லும் மருந்து’ என்று ஆண்டிபயாடிக்கை விளக்கினால், கேட்பவர் எல்லாக் கிருமியையும் கொல்லும் என்றுதானே எடுத்துக்கொள்வார்? நாங்கள் மருத்துவர்களே அவசரத்தில் அப்படித்தான் சொல்கிறோம். இந்தக் குழப்பம் நம் மொழிக்கு மட்டும் உரியதும் அல்ல. உலக சுகாதார நிறுவனம் 2015இல் 12 நாடுகளில் ஏறக்குறைய 10,000 பேரிடம் கேட்டபோது, சளிக்கும் ஃப்ளூ காய்ச்சலுக்கும் ஆண்டிபயாடிக் உதவும் என்று 64 சதவீதம் பேர் சொன்னார்கள். இன்னும் முக்கியமானது, மருந்து எடுபடாமல் போவது ‘உடம்பு மருந்துக்குப் பழகிவிடுவதால்’ என்று 76 சதவீதம் பேர் நினைத்தார்கள்.

அந்த இரண்டாவது நினைப்புதான் அதிகம் கெடுக்கிறது. உடம்பு பழகுவதாக நினைப்பவர், ‘நான் எப்போதோ ஒரு முறைதான் போடுகிறேன், எனக்கு என்ன ஆகும்’ என்று நிம்மதியாக இருப்பார். பழகுவது உடம்பு அன்று. பாக்டீரியாக்கள்தான் மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்கின்றன. ஆண்டிபயாடிக் உள்ளே போனால், அதற்கு மசியும் பாக்டீரியாக்கள் சாகும், மசியாதவை பிழைத்துப் பெருகும். அந்தத் தாங்கும் திறனுக்கான மரபணுவை ஒரு பாக்டீரியா இன்னொன்றுக்குக் கடத்தவும் முடியும். அவை ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றவும் செய்யும். ஆகவே வாழ்நாளில் ஒரு மாத்திரைகூடப் போடாதவருக்கும் மருந்துக்குக் கட்டுப்படாத தொற்று வரலாம்.

இதை உங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்துப் பாருங்கள். கணவர் சளிக்கு மாத்திரை போடுகிறார். அந்த மருந்து மூக்கில் இருக்கும் வைரஸைத் தொடவில்லை. ஆனால் அவர் குடலில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் இருக்கின்றனவே, அவற்றை அது சல்லடை போட்டு வடிகட்டுகிறது. ஒருவர் ஆண்டிபயாடிக் எடுத்த பிறகு, அதைத் தாங்கும் பாக்டீரியாக்கள் அவர் உடலில் பல மாதங்கள், சில நேரம் ஓராண்டுவரைகூடத் தங்குவதை ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஒரே கழிப்பறை, ஒரே சமையலறை என்று புழங்கும் குடும்பத்தில் அவை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போகும். சிறுநீர்த் தொற்றுக்கு மிகப் பெரும்பாலும் காரணமான ஈ-கோலை என்பது எங்கோ வெளியிலிருந்து வருவதில்லை. பெரும்பாலும் அது நோயாளியின் குடலிலேயே குடியிருந்து, அங்கிருந்து சிறுநீர்ப் பாதைக்கு வருவது. உங்கள் மாமியாரைத் துன்புறுத்தும் பாக்டீரியா உங்கள் கணவரின் சளி மாத்திரையால் உருவானது என்று நான் சொல்லவில்லை. ஒரு குறிப்பிட்ட வீட்டில் அப்படி யாரும் நிரூபிக்கவும் முடியாது. ஆனால் வழி அப்படித்தான் போகிறது. சளிக்குப் போட்ட மாத்திரைக்கான விலையை வேறொரு நாள், வேறொரு உறுப்பில், சில நேரம் வேறொருவர் கொடுக்கிறார். நன்மை உடனே கண்முன் தெரிவதுபோல் இருக்கிறது, தீமையோ முகவரி இல்லாமல் வருகிறது. தவறு என்று தெரிந்தும் ஏன் செய்கிறோம் என்று கேட்டீர்களே, இதைவிடப் பெரிய காரணம் எனக்குத் தெரியவில்லை.

பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945இல் நோபல் உரையிலேயே இதை எச்சரித்தார். கடையில் யார் வேண்டுமானாலும் பெனிசிலின் வாங்கும் காலம் வந்தால், போதாத அளவு சாப்பிட்டு, கிருமிகளை மருந்து தாங்க வைத்துவிடுவார்கள் என்றார். தொண்டை வலிக்கு ஒருவர் தானே பெனிசிலின் போட்டுக்கொள்கிறார், அவரிடமிருந்து மருந்து தாங்கும் கிருமி மனைவிக்குத் தொற்றுகிறது, மனைவி இறக்கிறார் என்று ஒரு கற்பனைக் குடும்பத்தையும் சொல்லிக் காட்டினார். 2019ஆம் ஆண்டில் மட்டும் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாத் தொற்றே நேரடிக் காரணமாக உலகில் ஏறக்குறைய 12.7 லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது.

அறியாமையைப் பற்றி இவ்வளவு சொன்னேன். ஆனால் நீங்கள் அறியாதவர் இல்லை. உங்களைப் போன்றவர்களின் வீட்டுப் பெட்டியிலும் மீதி மாத்திரை இருக்கிறது என்றால் வேறு காரணங்களும் இருக்கத்தான் வேண்டும். குழந்தை இரவில் கொதிக்கும்போது ஒரு தாய்க்கு ஏற்படும் பயம் பாடப் புத்தகத்தை மதிக்காது. ஏதாவது செய்தாக வேண்டும், சும்மா உட்கார்ந்திருக்க முடியாது. மறுநாள் பரீட்சை, மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளப் பிடித்தம், மருத்துவரைப் பார்க்க அரை நாள் காத்திருப்பு. மருத்துவரே அருகில் இல்லாத இடங்களில் மருந்துக் கடைக்காரர்தான் மருத்துவர். கையில் இருக்கும் பணத்துக்கு அட்டையைப் பாதியாக வெட்டி வாங்கிப் போகிறார்கள். இவர்களை ‘விழிப்புணர்வு இல்லாதவர்கள்’ என்று ஒரு வார்த்தையில் ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. விடுப்பு எடுக்க முடியாதவரிடம் ‘ஓய்வெடுங்கள், ஒரு வாரத்தில் சரியாகும்’ என்பதை அறிவுரை என்று சொல்லிவிட முடியுமா?

அன்பும் ஒரு காரணம். பக்கத்து வீட்டுக்காரர் இருமினால் ‘எனக்கு இது நன்றாகக் கேட்டது’ என்று நாலு மாத்திரையை நீட்டுவது அக்கறையால்தான். உங்கள் மாமியார் தானே மாத்திரை எடுத்துப் போட்டுக்கொண்டது, உங்களுக்கு அலைச்சல் வைக்க வேண்டாம் என்று நினைத்ததால் இருக்கலாம். கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு காரணம் நாங்கள். பல ஆண்டுகளுக்கு முன் வைரஸ் இருமலோடு ஓர் இளைஞரை அவருடைய தாயார் அழைத்து வந்தார். ஆண்டிபயாடிக் தேவையில்லை என்று எனக்குத் தெரியும். வெளியே கூட்டம், தாயார் முகத்தில் கவலை. வெறும் காய்ச்சல் மாத்திரையோடு அனுப்பினால் ஏமாந்துபோவார் என்று நானே நினைத்துக்கொண்டு ஒன்றை எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் கேட்கவே இல்லை. அடுத்த ஆண்டு அந்த இளைஞர் வயிற்றுப்போக்கோடு வந்தார். இருமல் வந்ததாம், என் பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்கிப் போட்டுக்கொண்டாராம். இருமலுக்கு ஆண்டிபயாடிக் வேண்டும் என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தது நான். அதை இன்றும் மறக்க முடியவில்லை. நோயாளி ஆண்டிபயாடிக்கை எதிர்பார்க்கிறார் என்று மருத்துவர் நினைத்தாலே அதை எழுதிக்கொடுப்பது கூடுகிறது என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 1997இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில், தொண்டை வலியோடு வந்த 700க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பிரிவினருக்கு உடனே ஆண்டிபயாடிக் கொடுத்தார்கள், ஒரு பிரிவினருக்குக் கொடுக்கவில்லை, ஒரு பிரிவினரை மூன்று நாள் பொறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை. உடனே பெற்றவர்களிடம் மட்டும், அந்த மருந்தால்தான் குணமாகும் என்ற நம்பிக்கையும், அடுத்த முறையும் மருத்துவரிடம் வர வேண்டும் என்ற எண்ணமும் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தன.

‘பலன் கிடைக்காவிட்டால் போகட்டும், கெடுதல் என்ன?’ என்று கேட்பவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. வயிற்றுப்போக்கும் தோல் தடிப்பும் பரவலானவை. ஒவ்வாமை அரிதாக உயிருக்கே ஆபத்தாகும். அசித்ரோமைசின் சிலருக்கு இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கும்; மூன்று நாளில் மாத்திரை முடிந்தாலும் மருந்து உடலில் பல நாட்கள் தங்கி மெல்லத்தான் குறைகிறது. இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது நோய் மறைந்து நிற்பதற்கு. காசநோயால் இருமுபவர் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்தைத் தானே வாங்கிச் சாப்பிட்டால் இருமல் சற்றுத் தணியும். ‘கேட்டது’ என்பார். காசநோய் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கும், கண்டுபிடிப்பது வாரக்கணக்கில் தள்ளிப்போகும்.

உங்கள் சிரப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தூளாக வரும் அமாக்ஸிசிலினில் தண்ணீர் கலந்துவிட்டால் ஒன்றிரண்டு வாரத்துக்குள் தீர்க்க வேண்டும், மீதியை அப்புறப்படுத்த வேண்டும். புட்டியில் அச்சிட்ட காலாவதி தேதி கலக்காத தூளுக்கு உரியது. குழந்தைக்கான அளவும் எடையைப் பொறுத்தது. போன ஆண்டின் அளவு இந்த ஆண்டுக்குப் பொருந்தாது.

மாத்திரை மிச்சமாவதே ஏன்? உடம்பு தேறியதும் நிறுத்திவிடுகிறோம். ‘கடைசி மாத்திரைவரை முடித்தே தீர வேண்டும்’ என்ற பழைய விதியை இப்போது மருத்துவ உலகம் மறுபடி யோசிக்கிறது. பல தொற்றுகளுக்கு முன்பு நினைத்ததைவிடக் குறைந்த நாட்களே போதும் என்று தெரிகிறது. ஆனால் எத்தனை நாள் என்பதை நோயும் மருத்துவரும்தான் முடிவு செய்ய வேண்டும். சீக்கிரம் தேறிவிட்டால் ‘நிறுத்தலாமா?’ என்று தொலைபேசியில் கேளுங்கள். காசநோய்க்கு இந்தப் பேச்சே கிடையாது, சொன்ன மாதங்கள் முழுவதும் சாப்பிட வேண்டும்.

இதைப் படித்துவிட்டு யாரும் எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடவும் வேண்டாம். நிமோனியா, சிறுநீரகத் தொற்று, இரத்தத்தில் பரவிய தொற்று போன்றவற்றில் ஆண்டிபயாடிக் தாமதமானால் உயிர் போகும். உங்கள் மாமியாருக்குத் தேவைப்படுவதும் ஆண்டிபயாடிக்காகத்தான் இருக்கும். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைப் பெட்டி சொல்லக் கூடாது என்பதுதான் என் வாதம்.

அடுத்த முறை வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்து மருத்துவரிடம் போனால், உட்கார்ந்ததுமே ‘ஆண்டிபயாடிக் தேவை என்றால் மட்டும் கொடுங்கள், இல்லையென்றால் எங்களுக்கு வருத்தமில்லை’ என்று சொல்லிவிடுங்கள். அந்த ஒரு வாக்கியம் எங்கள் தோளிலிருந்து எவ்வளவு பாரத்தை இறக்குகிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பிறகு கேளுங்கள்: இது எத்தனை நாள் இருக்கும்? எது நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும்? இரண்டாவது கேள்விக்குப் பதிலை எழுதி வாங்கிக்கொண்டால், அந்தத் தாள் இரவு பயத்துக்கு மருந்துப் பெட்டியைவிட நன்றாக உதவும். குழந்தைகளுக்குப் பொதுவாக நான் எழுதித் தருவது இது: மூச்சு வேகமாகவோ சிரமமாகவோ இருந்தால், தண்ணீர் குடிக்க மறுத்தால், எழுப்பினாலும் சோர்ந்து கிடந்தால், வலிப்பு வந்தால், கழுத்து விறைத்தால், அழுத்தினாலும் மறையாத சிவந்த புள்ளிகள் தோன்றினால், அதே வேளையில் வர வேண்டும். மூன்று நாளைத் தாண்டியும் காய்ச்சல் நீடித்தால் மறுபடி காட்ட வேண்டும். மற்றபடி எடைக்கேற்ற பாராசிட்டமால், நீராகாரம், தூக்கம்.

பெட்டியில் இருக்கும் ஆண்டிபயாடிக்குகளை இன்றே எடுத்துவிடுங்கள். மருந்துக் கடையில் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் அங்கே கொடுங்கள். கழிப்பறையிலோ சாக்கடையிலோ கொட்ட வேண்டாம். மாமியாரை இதற்காகக் கடிந்துகொள்ளாதீர்கள். எதிரில் உட்கார வைத்து, சிரப்பு கொடுத்த கதையை உங்கள் தவறாகவே சொல்லுங்கள். அவர் தன் கதையைச் சொல்ல அது வழி திறக்கும்.

அவருடைய கல்ச்சர் அறிக்கை வந்ததும் ஒரு பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா வளர்ந்திருந்தால் அது எந்தெந்த மருந்துக்குக் கட்டுப்படுகிறது, எதற்குக் கட்டுப்படவில்லை என்று அதில் வரிசையாக இருக்கும். போன தடவை போட்ட மாத்திரை அந்த வரிசையில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவரையே விரல் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு எனக்கும் ஒரு வரி எழுதுங்கள், அவர் எப்படி இருக்கிறார் என்று.